கடித்து வைத்த ரொட்டி

மர்கிலான்,
ரமலான் கடைசி வாரம்.

என் செவாராவின் அப்பாவுக்கு,

மவ்ஜுதாவின் சலாம். அந்தக் குளிரில் கட்டட வேலைக்காக ஏணி மேல் நிற்கும் உங்கள் உடம்பை இறைவன் காக்கட்டும். இங்கே எல்லோரும் நலம். சுண்ணாம்புத் தூசியில் மாமியாரும் மருமகளும் ஒரே நிறமாகிவிட்டோம், அவ்வளவுதான்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் பேசும்போதெல்லாம் அத்தை பக்கத்திலேயே இருக்கிறார், இது அவர் காதில் விழக்கூடாத சங்கதி. பக்கத்து வீட்டு சோதிக் நாளை நீங்கள் இருக்கும் ஊருக்கு ரயிலேறுகிறார். அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் வீட்டு வேலை. பெருநாளுக்குள் விருந்தினர் அறை முடிந்துவிடும் என்கிறார் முக்தோர் மேஸ்திரி. நீங்கள் தினமும் கூப்பிட்டு விரட்டுவதில் மனிதர் நொந்துபோயிருக்கிறார். "மருமகளே, உன் புருஷன் எகாதெரின்பர்க்ல இருக்கான்னு யார் சொன்னது? என் தலைமேலல்லவா உக்காந்திருக்கான்" என்று நேற்றுகூடப் புலம்பினார். பெட்டி, கம்பளம், மெத்தை எல்லாம் திராட்சைப் பந்தலுக்கு அடியில் கிடக்கின்றன. திங்கட்கிழமை பெய்த மழையில் நம் கல்யாண மெத்தை ஊறிவிட்டது. காயப்போட்டிருக்கிறேன்.

வீடியோவில் கூரையைக் காட்டு, மூலையைக் காட்டு, ஜன்னலோரப் பூச்சைக் காட்டு என்கிறீர்கள். எல்லாவற்றையும் காட்டுகிறேன். கேமராவை உன் பக்கம் திருப்பு என்று இதுவரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. போன தடவை நீலப் பட்டு உடுத்திக்கொண்டுதான் நின்றேன். நான் மட்டும் உங்கள் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்ததால் உங்களுக்குப் பின்னால் தொங்கிய மஞ்சள் பூத்திரை கண்ணில் பட்டது. எட்டு ஆண்கள் படுக்கும் கொட்டகை என்று சொல்லியிருந்தீர்கள். அந்தத் திரை இஸ்திரி போட்டு மாட்டியிருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் புறப்பட்ட காலையில் ஒரு கடி கடித்துவிட்டு வைத்த ரொட்டி, மீதியைத் தின்ன நீங்களே வரவேண்டும் என்று அத்தை துணியில் சுற்றி ஆணியில் தொங்கவிட்ட ரொட்டி, இப்போது இல்லை. தின்றுவிட்டோம்.

சிரிக்காதீர்கள். பூச்சு வேலைக்காக மேஸ்திரி ஆணியைப் பிடுங்கியிருக்கிறார். துணிக்குள் ரொட்டி என்று கைக்குத் தெரிந்திருக்கிறது. ரொட்டியைத் தரையில் வைக்க யாருக்குக் கை வரும்? கொண்டுபோய் மற்ற ரொட்டிகளோடு தட்டில் வைத்துவிட்டார். கம்பியெல்லாம் கழற்றிப் போட்டிருந்ததால் அன்று மாலை வீட்டில் மின்சாரம் இல்லை. நோன்பு திறக்கிற நேரம். அத்தை தடவிப் பார்த்து, கெட்டியாக இருக்கிறது, நேற்றைய ரொட்டி போலும் என்று கறிச்சாற்றில் பிய்த்துப் போட்டுவிட்டார். ஊற நேரமானது. "என்னடி மருமகளே, ரொட்டி சுட்டியா, செங்கல் சுட்டியா?" என்று என்னைத்தான் கேலி செய்தார். மேஸ்திரி இரண்டு கிண்ணம் குடித்தார்.

பாத்திரம் கழுவும்போதுதான் அந்தப் பூவேலைத் துணி வெறுமையாகக் கிடந்ததைப் பார்த்தேன். அத்தையிடம் காட்டினேன். அப்படியே உட்கார்ந்துவிட்டார். "என் கையாலயே புள்ள வர்ற வழிய அடைச்சிட்டேனே" என்று அழுத அழுகையை என்னால் எழுத முடியவில்லை. நான் தேற்றினேன். உண்மையைச் சொன்னால், தேற்றிக்கொண்டே நானும் பயந்துபோயிருந்தேன். மறுநாள் சமையலில் இரண்டு தடவை உப்புப் போட்டேன்.

அத்தை சும்மா இருக்கவில்லை. விடியற்காலையில் தந்தூர் மூட்டிப் புது ரொட்டி சுட்டார். உங்கள் ரத்தம்தான் கடிக்க வேண்டுமாம். "கடிடி என் கண்ணு, உங்கப்பன் மாதிரி பெருசா கடி" என்று செவாராவின் வாயில் வைத்தார். உங்கள் மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, அது உங்களுக்குத் தெரியாது. நடுவில் இடைவெளி விட்டு ஒரு கடி. அதைத்தான் புதுச்சுவரில் மாட்டியிருக்கிறார். வெளியே போகும்போதும் வரும்போதும் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார், உங்களிடம் சொல்லக்கூடாது என்று. சத்தியத்தை மீறித்தான் எழுதுகிறேன்.

ஏனென்றால் வசந்தத்துக்கு வருகிறேன் என்றீர்கள், பிறகு பெருநாளுக்கு என்றீர்கள், இப்போது இலையுதிரட்டும் என்கிறீர்கள். ஒவ்வொரு தடவையும் அந்த ரொட்டியைப் பார்த்துத்தான் மனதை ஆற்றிக்கொண்டேன். எப்படியும் அது உங்களை இழுத்து வந்துவிடும், நான் கேள்வி கேட்டு இழுக்க வேண்டியதில்லை என்று இருந்துவிட்டேன். இப்போது கேட்க வேண்டியிருக்கிறது. வருவீர்களா? அங்கே உங்களுக்கு வேறு வீடு ஏதாவது ஆகிவிட்டதா?

பெருநாள் காலையில் அத்தை உங்களைக் கூப்பிடுவார். கூரையையும் மூலையையும் காட்டிவிட்டு, அந்த ரொட்டியைக் கேமராவுக்கு நேரே பிடித்து, "பாருடா, உன் பல்லு பதிஞ்சது அப்படியே இருக்கு" என்பார். குரல் நடுங்கும். ஆமாம் அம்மா, என் பல்தான் என்று சொல்லுங்கள். இறைவன் அந்தப் பொய்யை மன்னிப்பான்.

என்னிடம் மட்டும் பொய் சொல்லாதீர்கள். சோதிக் திரும்பி வரும்போது இரண்டு வரி எழுதிக் கொடுத்தனுப்புங்கள். எதுவானாலும் தாங்கிக்கொள்கிறேன்.

உங்கள் வழியெல்லாம் வெளிச்சமாக இருக்கட்டும்.

உங்கள் மகளின் தாய்,
மவ்ஜுதா