வராதவளுக்கும் புள்ளி உண்டு

ஜனவரி 10, புதன்

பிறந்தநாளுக்கு கிரெட்சன் என்ன கொடுத்தாள்? மில்வாக்கியில் இந்தக் குளிருக்கு ஒரு ஜோடி கையுறை கொடுத்திருக்கலாம். கொடுத்தது, தடத்தில் பந்தை உருட்டிப் பத்துக் கட்டையைத் தள்ளுகிற பௌலிங்குக்கு ஒரு பயிற்சிச் சீட்டு. "உன் கைவீச்சை மட்டும் சரி பண்ணிட்டா நீ எங்கேயோ போயிடுவடி லோரெட்டா" என்று கேக்கை வெட்டிக்கொண்டே சொன்னாள். இதற்குப் பல்செட் வாங்கிக் கொடுத்திருந்தால்கூட மனசு இவ்வளவு நொந்திருக்காது.

பெவ்வும் மார்ஜும் கைதட்டினார்கள். நாங்கள் நாலு பேர் புதன்கிழமை லீக்கில் ஒரே அணி, கிரெட்சன்தான் தலைவி. சட்டை தைத்துக் கொடுத்தது சாசேஜ் விற்கும் ஒரு இறைச்சிக் கடை. நாலு முதுகிலும் சாசேஜ் ஒன்று சிரித்துக்கொண்டிருக்கும். விவாகரத்துக்குப் பிறகு என்னை வீட்டைவிட்டு வெளியே இழுத்து வந்தது இந்தப் புதன்கிழமைதான். அதனால் வாயை மூடிக்கொண்டு நன்றி சொன்னேன்.

ஜனவரி 15, திங்கள்

முதல் வகுப்பு. பயிற்சியாளர் டுவெய்ன், முன்பு இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். எதைச் சொன்னாலும் நமக்கு நாளைக்கே ஏதோ ஆகப்போகிறது போலச் சொல்கிறார்.

நான் ஆடுவதைப் போனில் படம் பிடித்து மெதுவாக ஓட்டிக் காட்டினார். முதுகுப்புறமிருந்து தன்னையே பார்ப்பது தண்டனைக் கைதிக்குக்கூட வேண்டாம். நாலு எட்டு வைத்து வழுக்கிக்கொண்டு கோட்டுக்கு வந்து நிற்கிறேன். பந்தோ இன்னும் முதுகுக்குப் பின்னால் தொங்குகிறது. பிறகு தோளால் அதை வெடுக்கென்று இழுத்து எறிகிறேன். கட்டைகள் விழுந்தது பயத்தினால்தான் இருக்க வேண்டும்.

"கால் வந்து சேர்ந்தாச்சு, கை இன்னும் கிளம்பவே இல்லை. முதல் எட்டு வைக்கும்போதே பந்தை முன்னால நீட்டணும். நீங்க ரெண்டாவது எட்டுலதான் நீட்டுறீங்க."

"சரி, சீக்கிரமா வீசுறேன்."

"வீசவே கூடாது! அது தானா ஆடும். நீங்க கூடப் போனா போதும்."

என் முன்னாள் கணவனும் தானாகத்தான் ஆடினான். நானும் கூடத்தான் போனேன்.

ஜனவரி 17, புதன்

புதிய கைவீச்சின் அரங்கேற்றம். பாதிப் பந்துகள் கட்டையைத் தொடாமல் தடத்தின் ஓரக் காடியில். ஒன்று கையிலிருந்து நழுவிப் பின்பக்கம் விழுந்து பெஞ்சை நோக்கி உருண்டது. மார்ஜ் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டாள். மூட்டு வலி என்று மூன்று மாதமாகப் புலம்புகிறவள்.

டுவெய்னுக்குப் போன் செய்தேன். "நல்லா ஆகறதுக்கு முன்னாடி மோசமாத்தான் ஆகும்" என்றார். எவ்வளவு மோசமாக என்று கேட்டேன். அது ஆளைப் பொறுத்ததாம்.

ஜனவரி 31, புதன்

ஆளைப் பொறுத்ததுதான்.

பிப்ரவரி 11, ஞாயிறு

சமையலறையில் உருளைக்கிழங்குப் பையை வைத்துக்கொண்டு பயிற்சி. முதல் எட்டு, பை முன்னால். இரண்டு, கீழே. மூன்று, பின்னால். நாலாவது எட்டு வைக்க இடமில்லை, பிரிட்ஜ் நிற்கிறது. பை கிழிந்தது.

நான் ஓட்டும் பள்ளிப் பேருந்திலும் சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் கை தானாகப் பின்னால் போய் வருகிறது. "மிஸ் லோரெட்டா, உங்களுக்கு வலிப்பா?" என்று முன்சீட்டிலிருந்து ஒரு குரல். பிள்ளைகளுக்குத்தான் எவ்வளவு அக்கறை.

பிப்ரவரி 28, புதன்

இன்று ஒரு கண்டுபிடிப்பு. கண்டுபிடித்தது மார்ஜ்.

எங்கள் லீக்கில் ஒருத்தி வராமல் போனால் அவளுடைய சராசரியில் பத்தைக் கழித்துவிட்டு மீதியை அணிக்குக் கொடுப்பார்கள். என் சராசரி பல மாத ஆட்டத்தின் சேமிப்பு. எவ்வளவு சொதப்பினாலும் ஆமை வேகத்தில்தான் இறங்கும். அதாவது, வராத லோரெட்டா ஒரு ஆட்டத்துக்கு நூற்று முப்பத்தெட்டு எடுப்பாள். வந்த லோரெட்டா இன்று எடுத்தது நூற்றுப் பத்து.

"அடிப்பாவி, அப்போ இவ வீட்டுலயே இருந்திருந்தா இன்னிக்கு நாம ஜெயிச்சிருப்போமே!" என்றாள் பெவ். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வயிறு வலிக்க.

கிரெட்சன் மட்டும் சிரிக்கவில்லை. மேலே பலகையில் ஓடிய எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. கணக்குப் போடும்போது அவளுக்கு உதடு அசையும்.

மார்ச் 20, புதன்

இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டோம். என்னையும் சுமந்துகொண்டு.

மதியம் கிரெட்சன் போன். "பனி கொட்டுது லோரெட்டா. வண்டி ஓட்டி அலுத்துப் போயிருப்ப. வேணும்னா இன்னிக்கு விட்டுடு."

இதே பனியில் காலையில் அறுபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு பேருந்து ஓட்டியவளிடம் சொல்கிறாள். போனேன். நூற்றுப் பதினைந்து. பெவ் எனக்குப் பொரித்த சீஸ் வாங்கிக் கொடுத்தாள். நோயாளிக்கு வாங்குவது மாதிரி.

ஏப்ரல் 9, செவ்வாய்

நாளை கடைசிச் சுற்று. முதலிடத்துக்காரிகளோடு மோதல்.

கிரெட்சன் வீட்டுக்கே வந்துவிட்டாள், கையில் ஒரு டப்பா கஸ்டர்டு ஐஸ்கிரீமோடு. எனக்குப் பிடித்த பட்டர் பீக்கான். அப்போதே புரிந்தது. துக்கம் கேட்க வருகிறவர்கள்தான் இப்படிச் சாப்பாட்டோடு வருவார்கள்.

"நாளைக்கு நீ ரெஸ்ட் எடுத்துக்கோயேன்."

"எனக்கு என்ன அலுப்பு? நேராச் சொல்லு."

"ஒரு ஆட்டத்துக்கு இருபத்தஞ்சு புள்ளி போகுதுடி. மூணு ஆட்டம்."

"நீ கொடுத்த பரிசுனாலதான்டி போகுது!"

"தெரியும்" என்றாள். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், ஆனால் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.

சரி என்றேன். ஏன் சரி என்றேன்? வரமாட்டேன் என்றால் எல்லோருக்கும் நான் வேண்டும். வருவேன் என்றால் யாருக்கும் வேண்டாம். அவள் போன பிறகு ஐஸ்கிரீம் முழுவதையும் தின்றேன். அழுதேன். எது முதலில் என்று ஞாபகமில்லை.

ஏப்ரல் 10, புதன்

வீட்டில் இருக்க முடியவில்லை. ஊரின் அந்தக் கோடியிலுள்ள வேறொரு பௌலிங் கூடத்துக்குப் போனேன். எங்கள் அணிச் சட்டையைப் போட்டுக்கொள்ளவில்லை. தனியாக ஒரு தடம்.

முதல் சில பந்துகள் வழக்கமான வெட்கக்கேடு. பிறகு அலுத்துவிட்டது. என்னால் தோற்க யாரும் இல்லை, ஜெயித்தால் கேட்கவும் ஆள் இல்லை. போகட்டும் என்று முதல் எட்டில் பந்தை நீட்டிவிட்டேன். அது கீழே இறங்கியது, பின்னால் போனது, திரும்பி வந்தது. நான் ஒன்றுமே செய்யவில்லை. இடது கால் கோட்டருகே வழுக்கி நின்ற அதே நொடியில் பந்தும் கணுக்காலைத் தாண்டியது. கையில் கனமே தெரியவில்லை. பத்துக் கட்டையும் போயிற்று.

சரி, குருட்டு அதிர்ஷ்டம். இன்னொன்று. அதுவும் போயிற்று.

இருநூற்று நாலு! வாழ்நாளில் முதல்முறையாக இருநூறு. கண்ட சாட்சி, வாடகைக் காலணி கொடுக்கும் ஆள். அவரும் போனில் மூழ்கியிருந்தார்.

காருக்கு வந்தபோது கிரெட்சனின் செய்தி. "ஜெயிச்சுட்டோம்!!! பத்தொன்பது புள்ளி வித்தியாசம். எல்லாம் உன்னாலதான்டி!!!"

வண்டியைக் கிளப்பாமல் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 24, புதன்

பரிசளிப்பு விருந்து. கோழியும் உருளைக்கிழங்கும். ஆளுக்கொரு கோப்பை. என்னுடையதில் என் பெயரை எழுத்துப் பிழையில்லாமல் பொறித்திருக்கிறார்கள். வராமல் இருந்ததற்குக் கோப்பை வாங்கியவள் இந்த ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கிரெட்சன் மைக்கைப் பிடித்து, "நாலு பேரும் உயிரைக் கொடுத்து ஆடினோம்" என்றாள். கார் நிறுத்துமிடத்தில் அவளைப் பிடித்தேன்.

"உனக்கு நான் வேணுமா, என் சராசரி வேணுமாடி?"

"இத்தனை வருஷத்துல ஒரு கோப்பை உண்டா நமக்கு? ஒரே ஒரு தடவை ஜெயிக்கணும்னு நெனச்சது தப்பா?"

"தப்பில்ல. என்னை வச்சுக்கிட்டுத் தோத்தாலும் பரவால்லன்னு ஒரு தடவை நெனச்சிருக்கலாம்."

அவள் முகம் போன போக்கைப் பார்த்து அறைந்துவிடுவாள் என்று நினைத்தேன். அறையவில்லை, காரில் ஏறிப் போய்விட்டாள். புதன்கிழமைகளில் வழக்கமாக என்னைக் கூட்டிப்போய் வீட்டில் இறக்கிவிடுபவள் அவள்தான். டாக்ஸி பிடித்தேன், மடியில் கோப்பையோடு. ஓட்டுநர் வாழ்த்துச் சொன்னார்.

மே 8, புதன்

டிவி பார்த்தேன். புதன்கிழமைகளில் நல்ல நிகழ்ச்சி போடுவதாக யாராவது சொன்னால் நம்பக் கூடாது.

மே 29, புதன்

கிரெட்சன் போன் செய்தாள். ஐந்து வாரத்தில் முதல்முறை. ஹலோ கூட இல்லை.

"கோடைக்கால லீக்ல பேர் கொடுத்துட்டேன். ரெண்டு பேர் அணி."

"யாரு ரெண்டு பேரு?"

"வேற யாருடி?" வைத்துவிட்டாள்.

எனக்குச் சந்தேகம். பள்ளி விட்டதும் நேராகக் கூடத்துக்குப் போய்ச் சுவரில் ஒட்டியிருந்த விதிகளைப் படித்தேன். கோடையில் இரண்டு லீக். வியாழக்கிழமை லீக்கில் வராதவருக்கு வழக்கம்போலச் சராசரியில் பத்துக் குறைத்துக் கொடுப்பார்கள். புதன்கிழமை லீக்கில் அது கிடையாது. ஆள் வராவிட்டால் சைபர். எந்தத் தலைவியும் இந்த லீக் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டாள்.

எங்கள் பெயர் புதன்கிழமைப் பட்டியலில் இருந்தது. விதிகளை என்னைவிட நன்றாகப் படித்தவள் அவள்.

ஜூன் 5, புதன்

முதல் இரவு. இருநூற்று நாலு எடுத்த அந்தக் கை எங்கோ உல்லாசப் பயணம் போயிருக்கிறது. கால் முந்தியது, பந்து பிந்தியது, தோள் இழுத்தது. எல்லாம் பழைய திருவிழா. ஏழாவது வாய்ப்பில் மட்டும் பந்து தானாக ஆடி, காலோடு சேர்ந்து வந்து, பத்தையும் தள்ளியது. கிரெட்சன் எழுந்து நின்றுவிட்டாள். "அது என்னடி அது? எப்போ கத்துக்கிட்ட?" என்றாள். எப்போது என்று சொன்னேன். எழுந்து நின்றவள் உட்கார்ந்துவிட்டாள்.

நல்ல தோல்வி. கடைசி ஆட்டத்தில் நான் நூற்று இருபத்தொன்று. காலணியைக் கழற்றிக்கொண்டே பலகையை நிமிர்ந்து பார்த்து, "மோசம்" என்றேன்.

"சைபருக்கு இது எவ்வளவோ தேவலைடி" என்றாள் கிரெட்சன்.

என் பந்துப் பையையும் அவளே தூக்கிக்கொண்டு காருக்கு நடந்தாள்.