மாலை போட்ட படம்

பிப்ரவரி 2, ஞாயிறு

பேரன் விக்னேஸ்வரனுக்கு ராணுவத்தில் நாயக் பதவி கொடுத்திருக்கிறார்கள். நேற்று ராஜஸ்தானிலிருந்து போன் போட்டுச் சொன்னான். இனிமேல் பத்திரிகை அடித்தால் பெயருக்கு முன்னால் நாயக் என்று போட வேண்டும். மகள் வயிற்றுப் பேரன் முத்துராமலிங்கம் தூத்துக்குடியில் போலீஸ். ஓட்டப்பந்தயத்தில் பெரிய கப் வாங்கி, அதிகாரி கையால் வாங்குகிற மாதிரி படமும் அனுப்பியிருக்கிறான். அவன் தங்கை பாண்டிசெல்வி நர்ஸ், வெளிநாட்டுக்குப் போகிற பரீட்சை பாஸ். அவள் தம்பி, கடைக்குட்டி விமல், அரைப் பரீட்சையில் கணக்கில் நூறு.

அஞ்சாம் வகுப்போடு எருமை பத்தி மேய்க்கப் போனவள் நான். இந்த ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் எந்த வீட்டில் இருக்கிறது இப்படி? ஒரு வீட்டைச் சொல்லட்டும்.

மாரிச்செல்வியும் இருக்கிறாள், விக்னேஸ்வரன் தங்கை. பி.காம். முடித்து மில் ஆபீசில் கணக்குப் பார்க்கிறாள். முகத்திலும் கையிலும் வெள்ளை விழுந்த பிள்ளை.

பொங்கலுக்கு எடுத்த போட்டோவில் எல்லாரும் நன்றாக விழுந்திருக்கிறோம். எடுத்தது அவள்தான்.

பிப்ரவரி 6

விக்னேஸ்வரனுக்குக் கான்சாபுரத்துப் பெண். அழகுத்தாய் மகள். தூரத்துச் சொந்தம், என்னைப் பெரியம்மா என்று கூப்பிடுவாள், முறை சரியாக வருகிறது. தென்னையும் நெல்லும் உள்ள வீடு. மாசிக் கடைசியில் பூ வைத்துவிட்டு சித்திரையில் கல்யாணம்.

"தங்கச்சி இருக்கையில அண்ணனுக்கு முதல்ல முடிக்கதா?" என்று என் மருமகள் பரிபூரணம் கேட்டாள். எப்போதாவதுதான் வாயைத் திறப்பாள். திறந்தால் இப்படித்தான். இவள் மகளுக்கு மாப்பிள்ளை வருகிற வரை காத்திருந்தால் அவனுக்கு மீசை நரைத்துவிடும்.

அழகுத்தாய்க்கு வெள்ளைச் சங்கதி தெரியாது. தாலி ஏறும் வரை தெரியவும் வேண்டாம். பரம்பரையில் ஓடுகிறது என்று சொல்லிப் பின்வாங்கிவிடுவார்கள். மாரிச்செல்வி கோயம்புத்தூரில் ஆஸ்டலில் இருக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 11

இன்று ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். ஹெப்சிபாவாம். பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். தலைமுடியைக் கத்தரித்து விட்டிருக்கிறாள். கை நிறைய பெயிண்ட். மாரிச்செல்வியை அவள் வரைந்துகொண்டிருக்கிறாளாம். எனக்கு இன்றுதான் தெரிகிறது!

"எதுக்கு வரையுத?" என்றேன்.

"பொம்பளைங்களோட பலத்தைப் படமா வரையுறேன் ஆச்சி. மில்லுல வேலை பாக்கிறவங்க, மீன் விக்கிறவங்க, பஸ் ஓட்டுறவங்க. எல்லாரும் நம்ம பக்கத்து ஆளுக. மார்ச் எட்டாம் தேதி ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்துல வைக்கப் போறோம்."

"இவகிட்ட என்ன பலத்தைக் கண்ட?"

"வெயில்ல முகத்தை மூடாம நடந்து வாராளே, அதுதான்" என்று சொல்லிச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

போகும்போது "உங்களையும் வரையட்டுமா ஆச்சி?" என்று கேட்டாள்.

"தனியாப் படம் போட்டு மாட்டுறது செத்தவங்களைத்தான். நான் இன்னும் சாகலை" என்றேன். சுவரில் என் வீட்டுக்காரருடைய படம் இருக்கிறது, மாலையோடு. அதைக் கையால் காட்டினேன். பரிபூரணம் கொடுத்த காபியைக் குடிக்காமலே போய்விட்டாள். போகட்டும்.

பிப்ரவரி 15

படத்தைப் பார்த்துவிட்டேன். மாரிச்செல்வி குளிக்கப் போன நேரம் பரிபூரணம் செல்போனில் காட்டினாள்.

என்ன படம் அது! சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டு, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நிற்கிறாள். கண்ணைச் சுற்றி வெள்ளை. வாய் ஓரத்தில் வெள்ளை. கை முழுக்க. ஒன்றையும் விடவில்லை பாவி. அவ்வளவு பெயிண்ட் வைத்திருக்கிறாளே, அதில் கொஞ்சம் எடுத்து மூடியிருக்கக் கூடாதா? சாதாரணப் போட்டோக் கடைக்காரனுக்குக்கூட அந்த இங்கிதம் தெரியுமே.

குளித்து வந்தவளிடம் கேட்டேன். "ஏட்டி, இதை ஊரு பூராவும் பாக்கணுமா?"

"ஆமா. அதுக்குத்தான் வரைஞ்சிருக்கு."

"உங்க அண்ணன் கல்யாணம் நின்னு போனா?"

"என் தோலைப் பாத்து நிக்கிற கல்யாணம்னா நிக்கட்டும்."

கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. அவள் நகரவும் இல்லை. அந்தப் படத்தில் நிற்கிற மாதிரியே நின்றாள்.

பிப்ரவரி 17

மாரிச்செல்வியோடு பேச்சு இல்லை. நானாகப் போய்ப் பேசவும் மாட்டேன்.

பிப்ரவரி 22

அழகுத்தாய் போன். பூ வைப்பதற்குச் சேலை எடுப்பதைப் பற்றிப் பேசிவிட்டு, கடைசியில் "நாத்தனாக்காரி ஆஸ்டல்லருந்து வருதாளா பெரியம்மா?" என்று இழுத்தாள்.

"பரீட்சை இருக்கு. வர முடியாது."

"அப்படியா, அப்படியா" என்றாள். அந்த இரண்டு அப்படியாவும் எனக்குப் பிடிக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சந்தைக்கு வாரம் தவறாமல் வருகிறவள். மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்தால் என்ன செய்வது?

விக்னேஸ்வரனுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். "இப்ப அந்தப் படம் வேண்டாம் அப்பத்தா. கல்யாணம் முடியட்டும். பொறவு என்னமும் செய்யட்டும்" என்றான். என் பேரன். புத்தியுள்ளவன்.

மார்ச் 1

என் மகன் ஆவுடையப்பனைக் கூப்பிட்டு முடிவாகச் சொல்லிவிட்டேன். மாரிச்செல்வி அங்கே போகக் கூடாது. படமும் போகக் கூடாது. மீறினால் நான் செட்டியார்பட்டியில் மகள் வீட்டுக்குப் போய்விடுவேன், திரும்ப வரமாட்டேன். மில்லில் எத்தனையோ பேரை வேலை வாங்குகிறவன், வீட்டில் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

"சரிம்மா."

"ஏலே, வாயால சரின்னா போதாது."

"சரின்னு சொல்லிட்டேம்லா."

மாரிச்செல்வி உள்ளே இருந்துகொண்டே கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஒரு சத்தமும் இல்லை. அடங்கிவிட்டாள் என்று நினைக்கிறேன்.

மார்ச் 8, சனி, காலை

ஆவுடையப்பன், பரிபூரணம், மாரிச்செல்வி மூன்று பேரும் ஆண்டாள் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். பரிபூரணம் பட்டுச் சேலை கட்டியிருந்தாள். கோயிலுக்குத்தானே என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். முட்டி வலி.

புளியை வெயிலில் போட்டேன். பக்கத்து வீட்டு மாரியாத்தாள் எதற்கு இப்படி ஓடி வருகிறாள், கையில் போனோடு

மார்ச் 9

நேற்று எழுதினதை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டேன். நடந்ததை இன்று எழுதுகிறேன்.

மாரியாத்தாள் ஒன்றும் பேசாமல் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப். அதில் மாரிச்செல்வி படம். பெரிய சட்டம் போட்டது. அதன் மேல் ரோஜா மாலை, நெஞ்சுவரை தொங்குகிற மாலை. சின்னப் போனில் எனக்கு முகமும் மாலையும்தான் கண்ணில் பட்டன. பக்கத்தில் குத்துவிளக்கு. கீழே ஆவுடையப்பன் எழுதியிருந்தான். என் மகள். அதற்குப் பக்கத்தில் கும்பிடுகிற கை.

காலையில் தலை சீவிக்கொண்டு போனாளே. பஸ்ஸா, பைக்கா, எது அடித்தது, எங்கே — ஆவுடையப்பன் போனை எடுக்கவில்லை. பரிபூரணம் எடுக்கவில்லை. மாரிச்செல்வி போனும் அடித்து அடித்து நின்றது. மாரியாத்தாள்தான் என்னைப் பிடித்து உட்கார வைத்தாளாம். எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. யாத்தே, எம்புள்ளையே என்று கத்தினேனாம். தெருக்கோடி வரை கேட்டதாம்.

ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். நாற்காலி போட்டார்கள். பிணம் எங்கே இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரியிலா, எத்தனை மணிக்கு வரும் என்று ஆம்பளைகள் வாசலில் பேசிக்கொண்டார்கள். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் எல்லாருக்கும் அந்தப் படம் வந்திருந்தது.

மத்தியானம் ஒரு வேன் வந்தது. கான்சாபுரத்துக்காரர்கள். அழகுத்தாய் தலைமுடியை அவிழ்த்துவிட்டபடியே இறங்கினாள். கோடித்துணியும் மாலையும் கொண்டு வந்திருந்தாள். "என் மருமகளே, பச்சைக் கிளியே" என்று வாசலிலேயே ஒப்பாரி எடுத்துவிட்டாள். ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். தலையோடு தலை முட்டி நானும் அழுதேன். இரண்டு பேரும் முன்னும் பின்னுமாக ஆடினோம். அவள் குரல்தான் தெருவிலேயே பெரிய குரல்.

பாட்டை நிறுத்தி மூச்சு வாங்குகிற இடத்தில், என் காதில் மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"அழுதது போதும் பெரியம்மா. ஒரு வகையில அது புண்ணியவதியாப் போய்ச் சேந்துட்டு. நாங்களும் எம்புட்டு நாளைக்குத் தெரியாத மாதிரியே இருக்க? உங்களுக்கும் மறைக்கிற பாடு இல்ல, எம்மவ வார வீட்டுலயும் இனி ஒரு குறை இல்ல. பதினாறு முடியட்டும், பொறவு தேதியைப் பாப்போம்."

சொல்லிவிட்டு மறுபடியும் பச்சைக் கிளியே என்று ஆரம்பித்தாள்.

அப்போது எனக்கு என் பேத்தி செத்துப்போனவள். உயிரோடு இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. இதை நான் எழுதி வைக்க வேண்டும், யாரும் நாளைக்கு மாற்றிச் சொல்லக் கூடாது. அழகுத்தாய் கையை என் தோளிலிருந்து பிய்த்து எறிந்தேன்.

"எந்திரிட்டி."

"என்ன பெரியம்மா?"

"எந்திரி. யாரு குறை? என் வீட்டுல யாருட்டி குறை? கொண்டாந்த துணியை எடு. மாலையை எடு. எம்புள்ள செத்தது உனக்கு வசதியாப் போச்சா?"

துக்கத்தில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். சொன்னவளையும் திட்டினேன். கையில் கிடைத்த செம்பை வீசினேன். அது வேன் டிரைவர் மேல் பட்டது, பாவம், அந்த ஆளுக்கு இதில் என்ன சம்பந்தம்.

அந்த நேரத்தில்தான் மூன்று பேரும் தெருமுனையில் வந்தார்கள். மாரிச்செல்வி கையில் பால்கோவா டப்பா. எங்கள் வாசலில் கூட்டத்தைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

"அப்பத்தாவுக்கு என்னாச்சு?" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தாள்.

மாரியாத்தாள் அலறி மயங்கி விழுந்தாள். இரண்டு பேர் வாசலை விட்டு ஓடினார்கள். மாரிச்செல்விக்குச் சங்கதி விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. விளங்கினதும் நேராக அழகுத்தாய்க்கு முன்னால் போய் நின்றாள். கோடித்துணியைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது எனக்கா அத்தை? கலரு நல்லாத்தான் இருக்கு. இருந்துட்டுப் போங்க, பால்கோவா இருக்கு."

வேன் புறப்பட்ட வேகத்தில் எங்கள் புளி எல்லாம் மண்ணாகிவிட்டது.

பிறகு ஆவுடையப்பனைப் பிடித்தேன். கோயிலாம் கோயில்! மூன்று பேரும் மண்டபத்துக்குத்தான் போயிருக்கிறார்கள். போனைச் சத்தம் வராமல் வைக்கச் சொன்னார்களாம். எல்லாப் படங்களுக்கும் நடுவில் இவள் படத்துக்கு முன்னால்தான் கூட்டமாம். கலெக்டர் ஆபீஸ் அம்மா ஒருத்தர் கையெடுத்துக் கும்பிட்டாராம். அதைப் பார்த்ததும் இவன் ரத வீதிக்கு ஓடி, இருந்ததிலேயே பெரிய மாலையாக வாங்கி வந்து போட்டானாம். குத்துவிளக்கு திறப்பு விழாவுக்கு ஏற்றினதாம்.

"ஏலே கூறுகெட்டவனே, உசிரோட இருக்கிற பிள்ளை படத்துக்கா மாலை போடுவ?"

"தலைவருங்க படத்துக்கெல்லாம் போடுதாங்கம்மா. எம்புள்ளைக்குப் போடணும்னு தோணிச்சு. போட்டுட்டேன்."

நாற்பது வருஷத்துக்கு மேல் அவனைத் திட்டி வளர்த்திருக்கிறேன். இதற்கு என்ன சொல்லித் திட்டுவது என்று தெரியவில்லை.

மார்ச் 10

விக்னேஸ்வரன் போன். அழகுத்தாய் வீட்டில் பூ வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

"யாரைக் கேட்டு அவியளை விரட்டுனே? வாழப்போறவன் நானா நீயா?"

"உனக்கு வேற பொண்ணு கிடைக்கும்லே."

"உன்னால எல்லாம் போச்சு" என்று வைத்துவிட்டான். நாயக். மறுபடியும் போட்டேன், எடுக்கவில்லை.

மாரிச்செல்வியாவது நல்லபடியாகப் பேசுவாள் என்று பார்த்தால், அதுவும் இல்லை. சாயந்தரம் தட்டை வைத்தேன். "நான் செத்துட்டேன்னு ரொம்ப அழுதியாமே அப்பத்தா. உசிரோட இருக்கையில ஒரு விசேஷத்துக்குக் கூட்டிட்டுப் போயிருக்கியா?" என்றாள். திமிர் பிடித்தவள். சாப்பிடாமல் எழுந்து போனாள். தட்டு ஆறுகிற வரை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 12

ஹெப்சிபா வந்தாள். மாலை விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டாள். அவள் எதற்குக் கேட்கிறாள்? போட்டவன் என் மகன். காபி கொடுத்தேன். முழுதும் குடிக்கிற வரை நகரவிடவில்லை. "முகத்துல தாடையை மட்டும் சரியா வரையலை நீ. அது எங்க வீட்டுத் தாடை, இன்னும் கொஞ்சம் முன்னால வரணும்" என்றேன். என் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்காதே என்றேன்.

மார்ச் 14

இன்றும் ஒருத்தர் பிளவக்கல்லிலிருந்து பஸ் ஏறித் துக்கம் கேட்க வந்துவிட்டார். ஆவுடையப்பன் அந்தப் படத்தைக் குரூப்பிலிருந்து அழித்துவிட்டானாம். அழித்து என்ன பிரயோஜனம்? பார்த்தவர்கள் கண்ணில் இருக்கிறதே. அந்த மனிதருக்கு மாரிச்செல்விதான் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். டம்ளரை வாங்கினவர் முதலில் அவள் காலைத்தான் பார்த்தார். அவள் வேண்டுமென்றே கூட ஒரு தடவை "குடிங்க மாமா" என்று சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. ஆனால் ராத்திரிச் சோற்றை என் பக்கத்தில் உட்கார்ந்து தின்றாள்.

ஆவுடையப்பன் வேலை விட்டு வந்ததும் சொல்ல வேண்டியது, மறக்காமல் இருக்க எழுதி வைக்கிறேன்:

காலையில் நல்ல வெளிச்சத்தில் அவளையும் என்னையும் வாசலில் நிறுத்தி ஒரு புதுப் போட்டோ எடுத்துக் குரூப்பில் போடு. கான்சாபுரத்துக்காரர்கள் குரூப்பை விட்டுப் போயிருந்தால் அவர்களுக்குத் தனியாக அனுப்பு. அவள் எந்தச் சட்டை போட்டுக்கொண்டு வந்தாலும் ஒன்றும் சொல்லாதே. கீழே பெயரை மட்டும் எழுது. கும்பிடுகிற கையை மட்டும் போட்டுத் தொலைக்காதே.