விரல் ரேகை வளரும் வரை

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
வெள்ளிக்கிழமை மாலை

அன்புள்ள வள்ளிக்கு,

உன் வீட்டுக்காரன் உதயகுமார் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். லீட்ஸ் நகரத்துக் குளிரில் நீயும், உன் வயிற்றில் இருக்கிற பெரிய மனிதரும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று கச்சபேஸ்வரரைக் கேட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். தினமும் போனில் முகம் பார்க்கிறவனுக்கு எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். போனில் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தால் நான் மறைப்பதெல்லாம் உனக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் சில நாளாக வேலை இருக்கிறது என்று சொல்லிச் சீக்கிரம் வைத்துவிடுகிறேன். தாமல் கிராமத்து அம்சவேணிக்கு உன் ஆஸ்பத்திரியிலேயே நர்ஸ் வேலை கிடைத்து, விசாவும் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறுகிறாள். அவள் பையில் இந்தக் கடிதமும் அத்தை கொடுத்தனுப்பிய சுக்கும் மணத்தக்காளி வற்றலும் வருகின்றன. வற்றலை முதலில் எடுத்து வை. கடிதத்தை உட்கார்ந்து படி.

சென்னை விசா மையத்தில் மெஷின் பழுது, மறுபடி வரச் சொன்னார்கள் என்று உன்னிடம் சொன்னேன் இல்லையா? மெஷின் நன்றாகத்தான் இருந்தது. பழுது என் விரலில். கோபப்படாதே, முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படு.

என் வேலை உனக்குத் தெரியாததா? தறியில் நீளவாக்கில் ஓடுகிற பழைய பாவு நூல் முடியும்போது, புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அதோடு சேர்த்து, சாம்பல் தொட்டு, விரல் நுனியால் முறுக்கிப் பிணைக்க வேண்டும். பதினைந்து வயதிலிருந்து இதே வேலை. விரல் நுனி தேய்ந்து தேய்ந்து கூழாங்கல் மாதிரி ஆகிவிட்டது. அது போதாது என்று நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். இங்கிலாந்து போகிற கை சுத்தமாக இருக்க வேண்டாமா என்று, சென்னைக்குக் கிளம்புகிற அன்று காலையில் குத்துவிளக்குக்குப் போடுகிற புளியையும் சாம்பலையும் போட்டுப் பத்து விரலையும் பளபளவென்று தேய்த்துக்கொண்டேன். இருந்த கொஞ்ச ரேகையும் போயிற்று.

ரேகை எடுக்கிற கண்ணாடியில் விரலை வைக்கிறேன், சிவப்பு விளக்கு. துடைத்து வைக்கிறேன், மறுபடி சிவப்பு. கவுண்டரில் இருந்த பெண் பொறுமையானவள். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். கைக்கு ஓய்வு கொடுங்கள், எண்ணெய் தடவுங்கள், தோல் வளர்ந்ததும் வாருங்கள், வேறு தேதி தருகிறோம் என்றாள். பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு ஒன்றுமே ஓடவில்லை. உன் விசா அந்த ஆஸ்பத்திரி வேலையோடு பிணைந்தது, வேலையை விட்டுவிட்டு நீ பிரசவத்துக்கு இங்கே வர முடியாது. அத்தை கேட்ட விசிட் விசாவும் இல்லை என்று வந்துவிட்டது. உன் பக்கத்தில் வந்து நிற்க மீதி இருப்பவன் நான் ஒருவன்தான். அந்த ஒருவனும் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டான் என்று எப்படிச் சொல்வேன்? பூவிருந்தவல்லி வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன்.

அத்தையிடம் மறைக்க முடியவில்லை. திட்டுவார்கள் என்று நினைத்தேன். நேராக உள்ளே போய்த் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தார்கள். "கைய நீட்டுங்க மாப்ளே. இன்னிலருந்து இது உங்க கை இல்ல, என் பேரப்புள்ளயோட கை" என்றார்கள். அன்றிலிருந்து எனக்கு ராஜ மரியாதை. பாத்திரம் தொடக்கூடாது, துணி பிழியக்கூடாது, எலுமிச்சம்பழம் நறுக்கக்கூடாது. வெந்நீர்ச் செம்பைக்கூட அவர்கள்தான் தூக்குகிறார்கள். அந்த முழங்கால் வலியோடு அவர்கள் நடமாட, நான் கல்யாண மாப்பிள்ளை மாதிரி கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வெட்கமாக இருக்கிறது. செல்லியம்மாள் பெண்ணைக் கட்டியது நான் செய்த புண்ணியம், வள்ளி. இதை உன் அம்மாவிடம் சொல்லாதே, அப்புறம் அவர்களைப் பிடிக்க முடியாது.

நான் வேலைக்குப் போகாவிட்டால் பாவு தீர்ந்த தறியெல்லாம் நிற்குமே என்று அடுத்த கவலை. பரசுராமன் அண்ணன் வீட்டில் கல்யாணப் புடவைக்குப் பாவு வந்து இறங்கியிருந்தது. அவசரத்துக்கு நானே போய் உட்கார்ந்துவிடலாம் என்று இழையைத் தொட்டேன். அண்ணன் என் கையைத் தட்டிவிட்டார். தறி பத்து நாள் சும்மா கிடந்தாலும் பரவாயில்லை, உன் கையை வைத்தால் வள்ளிக்கு யார் பதில் சொல்வது என்று சத்தம் போட்டு வெளியே அனுப்பிவிட்டார். உனக்கு ஊசி போடத் தெரியாத காலத்தில் அவர் கையில்தானே பழகினாய், அந்தப் பாசம் போலிருக்கிறது.

இனிமேல் சொல்லப்போவதை நீ நம்ப மாட்டாய். வீரபத்திரன் நம் வீட்டு வாசலுக்கு வந்தான். ஆமாம், அதே வீரபத்திரன்தான். பங்குனி உத்திரத்தில் சாமி தூக்கும்போது முன்தண்டு யாருக்கு என்று சண்டை போட்டுக்கொண்ட நாளிலிருந்து நானும் அவனும் எதிரெதிரே வந்தால் ஆளுக்கொரு சந்தில் திரும்புவோம். எனக்கும் அவனுக்கும் ஒரே தொழில். நான் இல்லாத நேரம் பார்த்து நான் பாவு பிணைக்கப் போகிற வீடுகளையெல்லாம் பிடித்துக்கொள்ளப் போகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். மனுஷனை எவ்வளவு குறைவாக எடை போட்டுவிட்டேன்! அவன் வாசலில் நின்றபடியே சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நீ போற வீட்டு தறிங்கள நான் பார்த்துக்கறேன். உதயன் அனுப்பின ஆளுன்னுதான் போய் உட்காருவேன். நீ விரல பாருப்பா. புள்ள பொறக்கட்டும், அப்புறம் வந்து சண்டைய வெச்சுக்கலாம்." சொன்னபடியே செய்தான். ஒரு தறிகூட நிற்கவில்லை. நான் கிளம்பும்போது என் வீடுகள் எல்லாம் அவனுக்குத்தான் என்று சொல்லிவிட்டேன். முன்தண்டும் அவனுக்கே.

தெருவில் கேலிக்கும் குறைவில்லை. என் விண்ணப்பத்தில் நான் உன்னைச் சார்ந்தவன் என்று போட்டிருக்கிறதாம். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்த பிரேம்நாத் அதைப் படித்துவிட்டு டீக்கடையில் சொல்லிவிட்டான். பெண்டாட்டியைச் சார்ந்தவர் வருகிறார், நாற்காலி போடுங்கள் என்று சிரித்தார்கள். முதல் நாள் சுருக்கென்றது. அப்புறம் யோசித்தேன். இரவுப் பணியில் கால் வீங்க நின்று, பகலில் பரீட்சைக்குப் படித்து, உன் வேலையால் எனக்கும் ஒரு வாசல் திறக்கிறாய். நீ படிக்கப் போகும்போது நான் ஒரு வார்த்தை தடுத்ததில்லை என்று நீ எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வாய். தடுக்காதது ஒரு பெருமையா? உனக்கு நான் எவ்வளவு நன்றிக்கடன் பட்டிருக்கிறேன் என்று போனில் சொல்ல எனக்கு நாக்கு வராது. அதனால்தான் எழுத்தில் வைக்கிறேன்.

இப்போது நல்ல செய்தி. நேற்று மறுபடி சென்னைக்குப் போனேன். அதே பெண்தான் இருந்தாள், என்னை அடையாளம் கண்டுகொண்டாள். கண்ணாடியைத் துடைத்து, என் விரல்களைத் தானே பிடித்து மெதுவாக அழுத்தினாள். இடது கை பச்சை விளக்கு. வலது கை பச்சை. கட்டைவிரல்தான் கொஞ்சம் முரண்டு பிடித்தது, அப்புறம் அதுவும் பச்சை. வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற குடும்பம், யார் என்ன என்று தெரியாமலேயே கை தட்டியது. அந்தப் பெண்ணுக்கு ஒரு முழம் மல்லிகையாவது வாங்கிக் கொடுத்திருக்கலாம், கும்பிட்டுவிட்டு மட்டும் வந்தேன். பெயர்கூடக் கேட்கவில்லை.

இனி முடிவு விசா ஆபீஸ் கையில். பாஸ்போர்ட் எப்போது திரும்பும் என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. உன் பிரசவத் தேதிக்குள் வந்துவிடும் என்கிறார்கள், கொஞ்சம் தள்ளியும் போகலாம் என்கிறார்கள். நான் பெட்டி கட்டிவிட்டேன். நீ தனியாக ஆம்புலன்சுக்குப் போன் செய்கிற மாதிரி நினைப்பு வருகிறபோதெல்லாம் எழுந்து அந்தப் பெட்டியைத் திறந்து மூடுகிறேன்.

எழுதி முடிக்கும்போது அத்தை எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்துவிட்டார்கள். ரேகைதான் எடுத்தாகிவிட்டதே, இனி எதற்கு என்றேன். இந்த முரட்டுக் கையோடு பச்சைக் குழந்தையைத் தொடுவீர்களா என்று கேட்டுவிட்டு என் விரலைப் பிடித்துத் தடவ ஆரம்பித்துவிட்டார்கள். அதனால் நான் இன்னும் நூலைத் தொடவில்லை. தொடப்போவதும் இல்லை.

தைரியமாக இரு. மாத்திரையை மறக்காதே. படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்து இறங்கு. உள்ளே இருப்பவரிடம் என் சார்பாக ஒரு வார்த்தை சொல்: அப்பாவின் கை தயாராகிவிட்டது, தாள் மட்டும்தான் வர வேண்டும், அதுவரை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல். பொறுக்கவில்லை என்றாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன் என்றும் சொல். இரண்டு பேரும் நன்றாக இருந்தால் எனக்கு அதுவே போதும்.

உன்னைச் சார்ந்த,
உதயகுமார்