சீல் வைத்த அலுவலகத்தில் உள்ள மூன்றாவது கணினி

அனுப்புநர்
கோ. புகழேந்தி,
த/பெ. கோட்டைச்சாமி,
திருத்தங்கல் சாலை,
சிவகாசி.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
விருதுநகர்.

பொருள்: விபத்துக்குப் பின் சீல் வைக்கப்பட்டுள்ள பட்டாசு ஆலை அலுவலகத்தின் கணினிக்கு என் மனைவி அளித்திருந்த அனுமதியை விலக்கிக்கொள்ள, அவ்வலுவலகத்தைக் கால் மணி நேரம் திறந்துவிடக் கோருதல் தொடர்பாக.

மதிப்புமிகு ஐயா அவர்களுக்கு,

1. நான் சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறேன். பட்டாசுப் பெட்டி லேபிள், காலண்டர், கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றிலும் பிழை பிடிப்பது என் வேலை. ஆகவே இம்மனுவில் எழுத்துப் பிழை இராது. வேறு பிழை இருந்தால் என் மனநிலை கருதிப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

2. என் மனைவி சினேகா, தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையின் அலுவலகத்தில் கணக்கு எழுதிவந்தார். சென்ற புரட்டாசியில் அங்கு நடந்த வெடி விபத்தில் இறந்துபோனார். அலுவலகம் மருந்து அறைகளுக்கு வெகு தள்ளி, வாசல் கேட்டை ஒட்டி இருக்கிறது. அந்தக் கட்டடத்துக்கு ஒரு சேதமும் இல்லை. சீசன் நேரம், லோடு ஏற்ற வேண்டும், ஆள் பற்றவில்லை என்று கூப்பிட்டதால் அன்று மதியம் திரி சொருகும் அறைக்குப் போயிருக்கிறார். அந்த அறைச் சுவரில் 'ஆட்கள் 4' என்று சிவப்புப் பெயிண்டில் எழுதியிருந்தது. உள்ளே ஒன்பது பேர் இருந்தார்கள். அதற்கான வழக்கு தனியே நடக்கிறது. இம்மனு அதைப் பற்றியது அல்ல.

3. வடக்கேயிருந்து ஆர்டர் கேட்டுப் போன் வந்தால் சினேகா 'ஒன் மினிட்' என்று சொல்லிவிட்டு மேனேஜரைத் தேடி ஓடுவாராம். அந்த ஓட்டம் அவருக்கு அவமானமாக இருந்தது. "ஒருநா நானே பேசி ஆர்டர் எடுக்கத்தான் போறேன், பாத்துக்கிட்டே இருங்க" என்பார். அதற்காகச் சென்னையில் உள்ள ஒரு நிறுவனத்திடம் ஆங்கிலப் பேச்சுப் பாடங்களை இணையத்தின் வழியாக விலைக்கு வாங்கினார். திருட்டு சி.டி. அல்ல, வங்கியில் டி.டி. எடுத்து அனுப்பி முறையாக வாங்கியது. பாடத்தில் ஒரு குரல் ஒரு வாக்கியம் சொல்லும். படிப்பவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் சொன்னதெல்லாம் அவர் குரலிலேயே பதிவாகி, நிறுவனத்தின் கணக்கில் சேர்ந்துவிடும். ஆனால் அனுமதி பெற்ற கணினியில் மட்டுமே திறக்கும். ஒரு கணக்குக்கு மூன்று கணினிகள்தாம்.

4. இந்த மூன்று என்ற கணக்கு எங்களுக்குப் புரியாமல் போயிற்று. 'இந்தக் கணினிக்கு அனுமதி அளிக்கவா?' என்று திரையில் வந்தபோதெல்லாம் சினேகா 'ஆம்' என்று அமுக்கியிருக்கிறார். பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்தால் நோட்டில் பெயரும் நேரமும் எழுதிக் கையெழுத்துப் போடுவோம் அல்லவா, அப்படி ஒரு சம்பிரதாயம் என்று நினைத்துவிட்டார். வெளியே வரும்போது அனுமதியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வர வேண்டும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

5. எங்கள் மகள் தர்ஷினிக்கு விபத்தின்போது மூன்று வயது. போன் அடித்தால் ஓடிப்போய் எடுக்கிறாள், பெண் குரலாக இருந்தால் "அம்மாவா?" என்று கேட்கிறாள். மார்கழியில் ஒருநாள் செல்போன் கம்பெனியின் பதிவுக் குரல் ஏதோ சலுகை சொல்லிவிட்டு நின்றது. "அம்மா வச்சிட்டாக" என்று என்னிடம் போனை நீட்டினாள். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அன்றைக்குத்தான், இவள் தன் தாயின் குரலை மறந்துவிட்டாள் என்று எனக்கு உறைத்தது. எங்கள் கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். மூன்று மணி நேரமும் நாதஸ்வரமும் சினிமாப் பாட்டும்தான். சினேகா தலையைக் குனிந்தபடியே இருக்கிறார், ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் குரல் இந்த உலகத்தில் மிஞ்சியிருப்பது அந்தப் பாடங்களில் மட்டும்தான், ஐயா.

6. என் முதலாளி தந்த பழைய கணினியை வீட்டில் வைத்து, இணைய இணைப்பும் வாங்கினேன். கடவுச்சொல் எனக்குத் தெரியும். அது எங்கள் மகளின் பெயர்தான்; அதில் ஓர் எழுத்தைப் பிழையாக அடித்துவிட்டு அப்படியே விட்டிருந்தார். திருத்தச் சொன்னேன். "உங்க பேனா படாத தப்பு ஒண்ணாச்சும் இருந்துட்டுப் போகட்டும்" என்றார். அந்தப் பிழையோடு அடித்தேன். கணக்கு திறந்தது, பாடங்களின் பெயர்கள் வரிசையாக வந்தன. ஒன்றை அமுக்கினால், மூன்று கணினிகளுக்கும் அனுமதி தீர்ந்துவிட்டது, பழையது ஒன்றில் விலக்கிக்கொண்டு வரவும் என்கிறது.

7. ஆகவே அந்தக் கணினிகளைத் தேடிப் போனேன். முதலாவது, என் நண்பர் மீரான் மைதீன் பாயின் பிரவுசிங் சென்டரில் இருந்தது. அவர் அதைக் காரியாபட்டியில் ஓர் உரக்கடைக்கு விற்றிருந்தார். இருவரும் போய்ப் பார்த்தோம். உள்ளே ஹார்டு டிஸ்க்கை மாற்றிவிட்டார்கள். இரண்டாவது சாத்தூரில் ஒரு பயிற்சி மையத்தில் இருக்கிறது. வைரஸ் வந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டார்களாம். அனுமதி அழிந்த கணினியில் அனுமதியை விலக்க வழியில்லை. ஆனால் நிறுவனத்தின் கணக்கில் அவை இரண்டும் இன்னும் உயிரோடுதான் இருக்கின்றன. மூன்றாவதுதான் ஆலை அலுவலகத்தில் சினேகாவின் மேசையில் இருப்பது. வேலை முடிந்த பிறகு அரை மணி நேரம் அதில் படிக்க மேனேஜர் அனுமதித்திருந்தார்.

8. நிறுவனத்துக்கும் எழுதினேன். 'அன்புள்ள சினேகா, எங்கள் பாடங்களில் தாங்கள் காட்டும் ஆர்வத்துக்கு நன்றி' என்று பதில் வந்தது. இறப்புச் சான்றிதழை அனுப்பினேன். அனுதாபம் தெரிவித்துவிட்டு, எண்ணிக்கையைத் தளர்த்த வேண்டுமானால் கணக்குக்கு உரியவர் தாமே தொலைபேசியில் பேச வேண்டும் என்றார்கள். ஐயா, எனக்கும் அதுவேதான் வேண்டும். மார்ச் கடைசியில் ஆண்டுச் சந்தா முடிகிறது. அதன்பின் பதிவுகளை அழித்துவிடுவார்களாம்.

9. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் பொய்யாகும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மூன்று என்றால் மூன்றுதான் என்று ஒரு பாடக் கம்பெனி நிற்கிறது. நான்காவதாக ஒரு பழைய கணினியை உள்ளே விட மாட்டேன் என்கிறது. இந்தக் கண்டிப்பில் கால்வாசி அந்தத் திரி அறையின் வாசலில் இருந்திருந்தால், நான் இம்மனுவை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

10. விபத்துக்கு முதல் நாள் இரவு, வருங்காலப் பாடம் முடிந்துவிட்டது என்று சினேகா சொன்னார். தோசை ஊற்றிக்கொண்டே 'ஐ வில் கம், யூ வில் கம், ஷீ வில் கம்' என்று சொல்லிக்காட்டினார். உச்சரிப்பு அப்படியொன்றும் மோசமில்லை. கடைசியாகப் பதிவானது அந்தப் பாடம்தான்.

11. சீல் பற்றி விசாரிக்கப் போன இடத்தில் ஒருவர், "ஒரு பொத்தானை அமுக்கவா சீலை உடைக்கச் சொல்லுதீக?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. வாய்விட்டுச் சொல்லும்போது எனக்கே அப்படித்தான் இருந்தது. ஆயினும் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

12. ஆகவே தாங்கள் கருணை கூர்ந்து, மார்ச் முடிவதற்குள் ஒரு பகல் வேளையில், தங்கள் அலுவலர் முன்னிலையில் அந்த அலுவலகத்தைக் கால் மணி நேரம் திறந்துவிட உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஆலைக்கு மின் இணைப்பு இல்லை. மீரான் மைதீன் பாய் தம் இன்வர்ட்டரும் இணையத்துக்கு டேட்டா கார்டும் கொண்டுவருகிறார். வேறு பொருள் எதையும் தொட மாட்டேன். சினேகாவின் டிபன் பாக்ஸ் மேசையில் இருந்தாலும் தொட மாட்டேன். அங்கே நின்று அவர் குரலைக் கேட்டு அலுவலர்களின் நேரத்தை வீணாக்கவும் மாட்டேன். அனுமதியை விலக்கிவிட்டு உடனே வெளியே வந்துவிடுவேன். வீட்டுக்கு வந்து, மகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்போம்.

13. உள்ளே வருபவர்கள்: தங்கள் அலுவலர், காவலர் ஒருவர், மீரான் மைதீன் பாய், நான். ஆக நால்வர். தர்ஷினி தானும் வருவேன் என்று அடம் பிடிக்கிறாள். அவளைக் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிடுகிறேன், ஐயா. அவளையும் சேர்த்தால் ஐந்து பேராகிவிடும்.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
கோ. புகழேந்தி

இடம்: சிவகாசி
நாள்: 09.02.2009