கழிவுநீர்க் குழியில் கிடந்த வெள்ளி

பழனி, ஆனி 20

அன்பு மகன் செல்வமுருகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் முருகன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம், நீயும் மருமகள் ரோகிணியும் அந்த ஊர்க் குளிரில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருந்தால் அதுவே போதும். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா செய்கிற வெள்ளி வேல்களைப் பதினைந்து வருஷமாகக் கழுவித் துடைப்பவள் மகாதேவிதானே, ஆறு மாதமாக வெள்ளியின் எடை குறைந்துகொண்டே வந்தது. நான்தான் ஒருநாள் அவள்மேல் சந்தேகப்பட்டு, முந்தானையை உதறிக் காட்டச் சொன்னேன். உதறிக் காட்டினாள், ஒன்றும் விழவில்லை, பிறகு தன் ஊரான ஆயக்குடிக்குப் போனவள் வரவேயில்லை. பேச்சு வெளியே பரவி, அவளை வேறு யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. போன வாரம் குளியலறைத் தண்ணீர் போகாமல் தேங்கிவிட்டது. வேல் கழுவுகிற தண்ணீரும் விழுகிற பின்பக்கக் குழியை அள்ள வத்தலக்குண்டிலிருந்து அழகுமலை வந்தார், நகைப் பட்டறைச் சாக்கடை மண்ணை அலசிப் பிழைப்பவர். சகதியைக் கையில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "அக்கா, இதக் கொட்டிராதீங்க, வெள்ளிப் பொடி கெடக்கு" என்றார். காயவைத்து, தட்டில் அலசி, மூசைக் கிண்ணத்தில் வெண்காரம் போட்டு உருக்கினார். குறைந்த எடையில் முக்கால்வாசி அப்படியே கட்டியாக நின்றது. வேல்களுக்கு மெருகு போடப் புது மோட்டார் சக்கரம் வாங்கிய பிறகு பொடி மாவாக உதிர்ந்து கழுவுகிற தண்ணீரோடு போயிருக்கிறது, எங்களுக்குத்தான் அது தோன்றவில்லை.

மறுநாள் வெள்ளனே அப்பாவோடு நான் ஆயக்குடிக்குப் போய், அவள் வாசலில் நின்று நாலு பேர் காதில் விழும்படி தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "கெடச்சதுல சந்தோசம்க்கா. கெடைக்காமப் போயிருந்தா நா திருடிதான?" என்றாள். நான் அழுதுவிட்டேன். கடைசியில், "திங்கக்கெழம வாரேன். ஆனா இனிமே எட போடும்போது நானும் பக்கத்துல நிப்பேன்" என்றாள். நேற்று வந்து நின்றாள், அப்பா தராசை அவள் பக்கம் திருப்பி வைத்தார். குழி அள்ளிய நாளுக்குப் பிறகு நேற்றுத்தான் எனக்குச் சோறு இறங்கியது.

ரோகிணியை வெந்நீரே குடிக்கச் சொல். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் மகாதேவிக்கு ஒரு போன் போடு, எனக்காக எதுவும் பேச வேண்டாம், சும்மா நலம் விசாரி. இருவரும் நிறைந்த ஆயுளோடு இருக்க வேண்டும்.

உன் அம்மா,
சிவபாக்கியம்