செல்வின் ஏன் லெக் சைடு போடுகிறான்

ஜூன் 8, ஞாயிறு

காலையிலிருந்து சாரல் காற்று. மழை இல்லை. ராஜபாளையத்தில், எங்கள் மைதானத்தில் ஆட்டம். தோல்வி.

வலது கையுறையில் கட்டைவிரல் தையல் பிரிந்துவிட்டது. பால் பாக்கெட் வாங்க மறந்தேன். அம்மாவிடம் திட்டு.

ஆட்டம் முடிந்ததும் கேப்டன் ராஜு அண்ணன் தனியாகக் கூப்பிட்டார். மாவட்ட அணித் தேர்வுக்கு க்ளப்பிலிருந்து ஒரே ஒரு பவுலரின் பெயர்தான் போகும். செவ்வாய் 17 கடைசி நாள். வேகப்பந்து போடும் கண்ணனா, செல்வினா?

“ஏலே, ஸ்டம்புக்குப் பின்னாடி நின்னு அம்புட்டுப் பந்தையும் பிடிக்கிறவன் நீ. எம்.ஏ. வேற படிச்சிருக்க. செல்வினப் பத்தி ஒரு பக்கம் எழுதிக் குடு. நல்லது, கெட்டது, தேறுவானா. கத எழுதிராத.”

செல்வின்: ஆஃப் ஸ்பின். ஊர் மம்சாபுரம், வேலை இங்கே ஒரு பேண்டேஜ் துணி யூனிட்டில். வயது வரம்புப்படி அவனுக்கு இதுதான் கடைசி வருடம்.

ஒப்புக்கொண்டேன். இதை என்னைவிடச் சரியாகச் செய்ய இங்கே ஆள் இல்லை.

ஜூன் 9, திங்கள்

வரைவு. (இனி செ.)

பலம்:
— பந்து காற்றில் ஒரு கணம் நிற்கிறது. பேட்ஸ்மேன் முந்திவிடுகிறான்.
— சிக்ஸர் வாங்கினாலும் அடுத்த பந்தைத் தூக்கித்தான் போடுகிறான். தைரியமா, பிடிவாதமா? இரண்டும்.
— ஞாயிறு முதல் ஆராதனை முடித்து, பஸ் பிடித்து, எங்களுக்கு முன்னால் வந்துவிடுகிறான்.

பலவீனம்:
— பேட்டிங். அப்படி ஒன்று இல்லை.
— உயரக் கேட்ச். கண்ணை மூடுகிறான்.
— லைன். உள்ளூரில் மட்டும் பந்து பேட்ஸ்மேனின் காலைத் தாண்டி லெக் சைடு ஓடுகிறது. வைடு மேல் வைடு. வெளியூரில் அப்படி இல்லை.

வளர்ச்சி: போன வருடம் ஒரே மாதிரி பந்து. இப்போது மூன்று மாதிரி. மூன்றாவதை நானே இரண்டு தடவை விட்டேன்.

உள்ளூரில் மட்டும் ஏன்? மதியம் முழுக்க இதே யோசனை. மொட்டை மாடி. வெயில். பிடிபட்டது: அவன் அப்பா. இங்கே மில்லில் வேலை. ஞாயிறு ஷிப்ட் முடிந்ததும் மொபெட்டை மதிலோரம் நிறுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். வெளியூர் ஆட்டங்களுக்கு வருவதில்லை.

எழுதினேன்: “தந்தையின் பார்வை படும் இடத்தில் இவனுடைய கை இவனுடையதாக இல்லை.” நல்ல வாக்கியம். வைத்துக்கொண்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

தாளைக் கொடுத்தேன். ராஜு அண்ணன் கடைசி வரியை இரண்டு முறை படித்தார்.

“அப்பனப் பாத்தே பதறுறவன் அங்கன போயி என்னத்தப் போடுவான்? கண்ணன் பேரையே குடுத்திருவோம்.”

நான் அதைச் சொல்லவில்லை. ஆனால் நான் எழுதியதற்கு அர்த்தம் அதுதான். மறுக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

மின்வெட்டு. தலைவலி.

மாலை டீக்கடையில் செ. விரலிடுக்கில் பஞ்சுத்தூள்.

“அண்ணே, எங்கப்பாவ கிரவுண்டுக்கு வர வேண்டாம்னு கேப்டன் சொல்லிட்டாவளாம். என்னத்துக்குண்ணே?”

தெரியலையே என்றேன்.

பஜ்ஜியில் பாதியைப் பிட்டு என்னிடம் நீட்டினான். வாங்கித் தின்றேன். 

ஜூன் 15, ஞாயிறு

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆட்டம். வெற்றி. செ. ஐந்து விக்கெட். ஒரு வைடு கூட இல்லை.

என் விளக்கம் சரிதான் என்று மூன்றாவது விக்கெட்வரை எனக்கு ஒரே பெருமை. நான்காவது விக்கெட் விழுந்ததும் பவுண்டரி கோட்டிலிருந்து கைதட்டல். ஒற்றை ஆள். அவன் அப்பா.

இடைவேளையில் அவரிடம் போனேன்.

“ராசபாளையத்துக்குத்தான வரக் கூடாதுன்னாவ? இது சீவில்லிபுத்தூர்லா. மம்சாபுரத்துலருந்து எட்டிப் பாக்குற தூரம். லீவு போட்டுட்டு காலைலருந்தே இங்கனதான் நிக்கேன்.”

அதாவது முதல் பந்திலிருந்து. செ. அவரைப் பார்த்துக் கையும் காட்டியிருக்கிறான். நான்தான் பார்க்கவில்லை.

விளக்கம் போச்சு.

கிளம்பும்போது பஸ் ஸ்டாண்டில் செ.யிடம் கேட்டேன். “பந்து போடும்போது எதப் பாத்துப் போடுவ?”

“ஒங்க கிளவுசத்தான்.”

“ஸ்டம்ப?”

“அது எதுக்குண்ணே? கிளவுசு இருக்குற எடத்துலதான ஸ்டம்பு இருக்கும்?”

அவன் மம்சாபுரம் பஸ்ஸில் ஏறிவிட்டான். நான் வெகுநேரம் நின்றேன். என் பஸ் போய்விட்டது. அடுத்ததில் இடமில்லை.

ஜூன் 16, திங்கள்

விடிந்ததும் மைதானம். பிட்ச்சில் விரிக்கும் பாயை, அதாவது மேட்டை, தனியாக விரித்து ஆணியடித்தேன். வழக்கமாக அதை மற்றவர்கள் செய்வார்கள். நான் அப்போது கால்காப்பு கட்டிக்கொண்டிருப்பேன்.

செ. பந்து போடும்போது நான் நிற்கும் முனையில் மேட்டின் வலது ஓரம் கிழிந்திருக்கிறது. கிழிசலை அடியில் மடித்து ஆணி அடிக்கிறார்கள். மடிப்பு முக்கால் அடி. ஸ்பின்னுக்கு ஸ்டம்பை ஒட்டி நிற்கும்போது, மேட்டின் வலது ஓரத்திலிருந்து பாதம் வைத்து அளந்து நிற்பது என் பழக்கம். ஸ்டம்பைப் பார்த்து நிற்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

ஓரம் முக்கால் அடி உள்ளே வந்தால் நானும் முக்கால் அடி லெக் பக்கம். என் கையுறையும். செ. கையுறையைப் பார்த்துப் போடுகிறான். குறி தப்பவே இல்லை அவனுக்கு. வேகப்பந்துக்கு நான் தூரத்தில் மண்ணில் நிற்பதால் கண்ணனுக்கு இந்தச் சிக்கல் இல்லை. வெளியூர் மேட்டுகள் கிழியவில்லை. அவ்வளவுதான்.

ராஜு அண்ணன் வீடு. பல் துலக்கிக்கொண்டிருந்தார். வாயில் நுரையோடு முழுவதும் கேட்டார். துப்பினார்.

“அப்ப வைடு போட்டது அவனில்ல, நீ.”

“ஆமாண்ணே.”

“அதுக்கு அவிய அப்பாவ வெரட்டிவிட்டாச்சு.”

“ஆமாண்ணே.”

“எம்.ஏ. படிச்சவன்னு நம்புனேம் பாரு.”

என் தாளைத் தேடி எடுத்தார். கடைசி வரியை அடித்துவிட்டு, “கீப்பர் தப்பு” என்று என்னையே எழுத வைத்தார். கையெழுத்தும். பட்டியலில் செல்வின் பெயரை என் கண் முன்னால் எழுதினார்.

மதியம் மில் வாசல். செ.யின் அப்பாவிடம் எல்லாம் சொன்னேன். அவருக்கு மேட் கணக்கு புரியவில்லை.

“அப்ப வரலாமா?”

“வரணும்.”

“எங்கன நிக்கட்டும்?”

“எங்கன வேணும்னாலும்.”

செ.யிடமும் சொன்னேன், எழுதியது நான் என்று. “டீக்கடையிலயே சொல்லிருக்கலாம்லா” என்றான். ஆமாம்.

ஜூன் 18, புதன்

பட்டியல் நேற்றே போய்விட்டது. தேர்வு ஞாயிறு. அங்கே கீப்பர் யாரோ, எங்கே நிற்பானோ. செ. கையுறையை மறந்தாக வேண்டும். நாலு நாள். முடியும்.

மாலை ஐந்து மணி. நானும் அவனும் மட்டும். ஒவ்வொரு பந்துக்கும் வேண்டுமென்றே இடம் மாறி நின்றேன். முதல் பந்து என் பின்னாலேயே வந்தது. இரண்டாவதும். ஆறாவதும்.

“நிலையா நில்லுங்கண்ணே!”

“மாட்டேன். என்னையப் பாக்காத.”

ஒன்பதாவது பந்துக்கு மேட்டை விட்டே இறங்கி லெக் பக்கம் மண்ணில் போய் நின்றேன். செ. என்னை முறைத்தான். இரண்டு எட்டு வைத்து வந்து தூக்கிப் போட்டான். ஆஃப் ஸ்டம்ப் எகிறிப் போய் விழுந்தது. பந்தை எடுக்க நான்தான் ஓட வேண்டியிருந்தது.

“இன்னும் தள்ளிப் போங்க” என்றான்.