மடித்த மூலை

என் அன்புக்குரியவருக்கு,

நானும் அத்தையும் நலம். உங்கள் நலத்தை நீங்களே வாயைத் திறந்து சொன்னால் நிம்மதியாக இருக்கும். போனை எடுப்பதே இல்லை. உங்கள் அறை நண்பரைக் கூப்பிட்டேன். "அப்புறம் பேசறேன் அக்கா" என்று சட்டென்று வைத்துவிட்டார். அவர் குரலே சரியில்லை.

நான் அங்கே வர விசாவுக்குக் கேட்கும் ஆங்கிலத் தேர்வு அடுத்த வாரம். இரண்டு சொல் சேர்ந்து ஒன்றாகும் பாடம் நடக்கிறது. கடைசியில் நிற்பதுதான் பொருள், முன்னால் வருவது அது எந்த வகை என்று சொல்லும் என்றார் டீச்சர். ரெயின்கோட் என்றால் கோட்டுதான், மழை இல்லை. பெட்ரூமைச் சேர்த்து எழுத வேண்டும். லிவிங் ரூமுக்கு நடுவில் இடம் விட வேண்டும், ஆனாலும் அது ஒரே சொல்தானாம். எங்க குடித்தனம் மாதிரி என்றேன். வகுப்பே சிரித்தது.

வீட்டில் படிக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். சொற்களின் முன்பாதியைச் சீட்டுகளில் எழுதிக் கதவு, பூட்டு, உங்கள் நாற்காலி என்று ஒட்டினேன். மறுபாதிகளைக் கிண்ணத்தில் போட்டு வைத்தேன், காலையில் எடுத்து ஜோடி சேர்க்கலாம் என்று. எழுந்து பார்த்தால் கிண்ணம் காலி. கீ பக்கத்தில் ஹோல், டோர் பக்கத்தில் பெல், ஆர்ம் பக்கத்தில் சேர். ஒரு தப்புகூட இல்லை. அத்தைக்கு ஏ, பி தெரியாது, கட்டிலைவிட்டு இறங்கவும் முடியாது. தூக்கக் கலக்கத்தில் நானே ஒட்டியிருப்பேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அதன் பிறகு தினமும் இதே கதைதான்.

நேற்றுதான் கவனித்தேன். நான் ஒட்டியவை தட்டையாக இருக்கின்றன. மற்றவற்றில் கீழ்மூலை உள்பக்கமாக மடிந்திருக்கிறது. உங்கள் கிடங்கு வேலையில் லேபிள் ஒட்டும்போது நீங்கள் மடிப்பீர்களே, பிறகு உரிக்க வசதி என்று, அதே மடிப்பு. அத்தையின் மருந்துப் புட்டிகளில்கூட அப்படித்தான் ஒட்டிவிட்டுப் போனீர்கள். நான் கேலி செய்தேன்.

அத்தையிடம் ஓடினேன். அவர் உங்கள் நாற்காலியைப் பார்த்தபடி, "அவன்தான் வந்துட்டானே, இன்னும் யாரைத் தேடுறே? அவனுக்கும் ஒரு தட்டு வை" என்றார். நான் வைக்கவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்குப் பயமாக இருக்கிறது.

சீட்டுகளை எல்லாம் எடுத்துவிட்டேன். நான் ஒட்டியவற்றைச் சுரண்ட வேண்டியிருந்தது. மற்றவை தொட்டதுமே கையோடு வந்துவிட்டன.

தேர்வில் நான் எப்படியாவது தேறிவிடுவேன். நீங்கள் நூறு வயது இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை மடித்த கையோடு தபால் பெட்டிக்கு எடுத்துப் போகிறேன், ஒரு நிமிடம்கூட மேஜைமேல் வைக்க மாட்டேன். உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், இதை அங்கேயே இருந்து, உறையைக் கிழித்துப் படியுங்கள். இங்கே வந்து படித்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாயாடி